ஆர்மி அணிக்கு ஃப்ளெக்ஸ்போனா, ஷாட்கனா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமான ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தின் ஆர்மி அணியை எடுப்பவர்கள், ஃப்ளெக்ஸ்போன், ஷாட்கன் என்ற இரண்டு ஆட்ட அமைப்புகளில் எதை ஆடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஃப்ளெக்ஸ்போனில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், தனக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டரை ஒட்டி நிற்பார். அவருக்கு நேர் பின்னால் ஃபுல்பேக், இரு ஓரங்களிலும் ஸ்லாட்பேக்குகள்; இவர்கள் பந்தோடு ஓடுபவர்கள். பந்தோடு ஓட மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் டிரிபிள் ஆப்ஷனில் யாரும் தடுக்காமல் விட்ட தற்காப்பு வீரரைக் கவனியுங்கள். அவர் வெளியே நின்றால் பிளேஸ்டேஷனில் எக்ஸ் பட்டனை அழுத்தியே வைத்து ஃபுல்பேக்கிடம் பந்தைக் கொடுங்கள். உள்ளே பாய்ந்தால் பட்டனை விட்டுவிட்டு நீங்களே ஓடுங்கள். அடுத்த தற்காப்பு வீரர் உங்களை நோக்கி வந்ததும் எல்1 அழுத்திப் பந்தை ஸ்லாட்பேக்கிடம் தள்ளிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: அடி விழும் நொடியில் அழுத்தினால் பந்து கைநழுவி எதிரணிக்குப் போகும். இரண்டு கெஜத்துக்கு முன்பே தள்ளிவிடுவது நல்லது.

ஷாட்கனில் குவாட்டர்பேக் ஐந்து கெஜம் பின்னால் நிற்பதால் பார்க்க நேரம் கிடைக்கும். மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எட்டு கெஜம் தேவைப்பட்டால் பாஸ் வீசவும் வசதி. ஆனால் ஃபுல்பேக்கின் நேர்ப்பாய்ச்சல் மந்தமாகிவிடும். நான்காவது டவுனில் ஒரு கெஜம் வேண்டுமென்றால் அது பெரிய இழப்பு.

நிஜ ஆர்மியும் 2023-இல் ஷாட்கனுக்கு மாறிப் பார்த்தது. 2024-இல் சென்டரை ஒட்டிய ஆட்டத்துக்குத் திரும்பி 12 வெற்றி, 2 தோல்வி கண்டது. குவாட்டர்பேக் பிரைசன் டெய்லி ஓடியே 32 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) எடுத்தார். எங்கள் வாக்கும் ஃப்ளெக்ஸ்போனுக்கே. பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கினால் மட்டும் ஷாட்கன்.