ரிச்சி தெருவில் அப்பாவின் ஐபாட்

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அப்பாவின் ஐபாட் உயிர் வர மறுத்தது. ஆப்பிளின் கையடக்கப் பாட்டு பிளேயர், 2006-இல் வந்த 80 ஜிபி மாடல். பாட்டி நலங்குக்கும் சீமந்தத்துக்கும் பாடியதையெல்லாம் அப்பா கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அவற்றை ஃபிளாக் என்ற, ஒலித் தரம் குறையாத கோப்புகளாக்கி இதில் ஏற்றியிருக்கிறேன். ஆப்பிளின் சொந்த மென்பொருளில் ஃபிளாக் பாடாது, அதனால் அதற்கு மாற்றான ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். 2001 கடைசியில் ஆர்க்கோஸ் என்ற கம்பெனியின் பிளேயருக்காகச் சுவீடன்காரர்கள் சிலர் எழுதத் தொடங்கியது, பிறகு ஐபாடுக்கும் வந்தது. அம்மா காதில் பாட்டியின் குரலைப் போட்டுக் காட்டத்தான் டொரண்டோவிலிருந்து கைப்பையிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

ஆப்பிள் சின்னம் வரும், உள்ளே டிஸ்க் 'டிக்' என்னும், அணையும், மறுபடி சின்னம். மெனு பொத்தானையும் நடுப்பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தும் அதே கதை. பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்சைத் தள்ளிவிட்டுக் கிளப்பினால் ராக்பாக்ஸை விட்டுவிட்டு ஆப்பிளின் மென்பொருளுக்குப் போக வேண்டும். அதுவும் பாதியில் நின்றது. இரண்டும் நிற்கிறதென்றால் ராக்பாக்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. சார்ஜரில் செருகிக் கிளப்பியபோதுதான் ஒரு படி தாண்டியது: 'ராக்பாக்ஸ்.ஐபாட்' கோப்பைக் காணவில்லை என்று திரையில் எழுத்து. எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான். எழுத்து வருகிறதென்றால் ராக்பாக்ஸைத் தேடி எழுப்பும் சின்ன நிரலான பூட்லோடர் ஓடுகிறது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சாகவில்லை.

ஞாயிறன்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய் மூடிய ஷட்டர்களைப் பார்த்துத் திரும்பினேன். திங்கள் காலை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். முதல் கடையில் ஒரு பையன் கையில் வாங்கிய அரை நிமிஷத்தில், "போர்டு போச்சுக்கா. வேணும்னா ரீஸ்டோர் போட்டுப் பாக்கலாம்" என்றான். ரீஸ்டோர் போட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். அதை அவன் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன். டொரண்டோவில் இன்னொரு காப்பி இருக்கிறது, ஆனாலும் வயிறு கலங்கிவிட்டது. பழைய பொருளோடு வருகிறவர்களிடம் கேட்காமல் ரீஸ்டோர் போடுவது பெரிய தப்பு.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய இன்னொரு கடை. அறுபது வயதுக்காரர், நெற்றியில் பூதக்கண்ணாடி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிளேயரைக் கிளப்பிக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டிஸ்க் சுத்த ஆரம்பிக்குது, முக்குது, நிக்குது. கரண்ட் பத்தலம்மா."

"டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லையா அண்ணா?"

"தொறந்து பாத்தாதான் சொல்லுவேன். பின்னாடி தகடு தூக்கியிருக்கே, பாக்கலியா?"

நான் பார்த்திருக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் நுழைத்து ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தார். இரண்டு பாதியையும் சட்டென்று பிரிக்காமல் புத்தகம் போலக் கொஞ்சமாக விரித்தார். பேட்டரியின் ரிப்பன் ஒன்று, இயர்ஃபோன் ஜாக்கின் ரிப்பன் ஒன்று, இரண்டும் பாதிகளுக்கு நடுவே ஓடுகின்றன. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அதைத் தொடாமல் முதலில் ரிப்பனின் பூட்டை நகத்தால் நிமிர்த்தி விலக்கினார். அந்தக் கை நிதானத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புது பேட்டரிக்கும் கூலிக்கும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய், ரொக்கமாகக் கொடுத்தேன். கேட்டதும் துண்டுச் சீட்டில் பில் எழுதிக் கொடுத்தார், பேட்டரிக்கு ஒரு மாசம் உத்தரவாதம் என்றும் அதிலேயே எழுதினார். உப்பிய பேட்டரியை அங்கேயே விட்டேன். அதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது.

இப்போது சார்ஜர் இல்லாமலே 'கோப்பைக் காணவில்லை' வரை வந்தது. மிச்ச வேலையை வீட்டில் செய்தேன். நடுப்பொத்தானையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்க் மோடு வரும், கம்ப்யூட்டர் அதைப் பென் டிரைவ் மாதிரி பார்க்கும். விண்டோஸில் டிஸ்க் செக் ஓட்டியதும் 'ஃபவுண்ட்' என்றொரு ஃபோல்டருக்குள் சிதைந்த துண்டுகள் வந்து விழுந்தன. பேட்டரி தீர்ந்து எழுதும் நடுவில் அணைந்து அணைந்து, ராக்பாக்ஸ் குடியிருக்கும் ஃபோல்டரே சிதைந்திருந்தது. பாட்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

பிறகு ராக்பாக்ஸின் புது ஜிப்பை இறக்கிப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்கும். அண்ணன் மகனின் மேக்கில் முதலில் செய்தபோது அது கண்ணுக்கே தெரியவில்லை. கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் தெரிந்தது. இன்னொன்று, அது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் பிளேயரைத் திறந்ததும் தெரியும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரிக்கும்போது வேறொரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தால் மறுபடி அதே 'காணவில்லை' வரும். மேக்கில் ஃபார்மேட் செய்த ஐபாடில் ராக்பாக்ஸ் ஓடாது, ஃபேட்32 என்ற விண்டோஸ் வகை ஃபார்மேட்டாகத்தான் இருக்க வேண்டும்.

ராத்திரி ஒன்பதரைக்கு ராக்பாக்ஸ் லோகோ வந்தது. அம்மா இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, "இது உங்க பெரியத்தை சீமந்தம்டீ. பின்னாடி குக்கர் விசில் கேக்குது பாரு" என்றாள். விசிலுக்குப் பிறகு அப்பா இருமுவது இருக்கிறது. அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, பொத்தானைத் தடவிப் பின்னால் தள்ளி மறுபடி போட்டுக்கொண்டாள்.