நீர்நாய்க்கு ஏற்ற ஆறுதானா? ஒரு வாழிட ஆய்வுச் சேவையைப் பற்றி

காவிரியின் கிளையாறான குடமுருட்டியின் கரையில் நீர்நாயைக் கண்டவர்கள் எங்கள் ஊரில் இன்று 60 வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே. வாளை மீனைக் கவ்வும் நீர்நாயைச் சங்க காலத்து மருதப் பாடல்களிலேயே காணலாம். அந்த விலங்கை மீண்டும் இங்கே கொண்டுவர இயலுமா என்று அறிய, பாசனதாரர் சங்கத்தின் சார்பில் ஒரு தனியார் ஆய்வுக் குழுவை அமர்த்தினோம்.

களப்பணியில் குறை சொல்ல இடமில்லை. நாணல் புதரை ஒட்டிய ஈரச் சேற்றில் ஒரு காலடித் தடத்தைக் கண்டு நாங்கள் ஆரவாரித்தபோது, குழுவில் ஒருவர் மண்டியிட்டு, அளவுகோலை அருகில் வைத்து, விரல்களை எண்ணிக் காட்டினார். நான்குதான் இருந்தன. நீர்நாய்க்கு விரல்கள் ஐந்து, இடையில் சவ்வும் உண்டு. நாங்கள் கண்டது தெருநாயின் தடம். மண்கரை எங்கே முடிந்து கான்கிரீட் கரை எங்கே தொடங்குகிறது என்பதையும் அடி அடியாகக் குறித்துக்கொண்டார்கள். சிமெண்ட் பூசிய கரையில் வளை தோண்ட முடியாது அல்லவா? 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் அனுமதியின்றி ஒரு நீர்நாயைக்கூடப் பிடிக்க இயலாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள்.

ஆனால் அறிக்கையை ஏற்க மனம் வரவில்லை. அவர்கள் வந்தது தை முதல் வாரம். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்புக் காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அதற்குள் வந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்து, நீர் இருப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். சித்திரையில் வந்திருந்தால் வெறும் மணலையும், அங்கங்கே இரண்டொரு மடுவையும், அந்த மடுவையும் எஞ்சின் வைத்து இறைத்து மீன் பிடிப்பதையும் பார்த்திருப்பார்கள். கூட்டமாக வாழ்ந்து மீனையே நம்பியிருக்கும் விலங்கு, அணை மூடியிருக்கும் அந்த நான்கரை மாதங்களை எங்கே கழிக்கும்? ஓர் உயிரினம் மறைந்ததற்கான காரணம் நீங்கிவிட்டதா என்று முதலில் பார்க்கும்படி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இந்த அறிக்கையில் அதற்கு விடையில்லை. இரவில் மீன்குட்டைக்குள் நீர்நாய் இறங்கினால் இழப்பை யார் ஈடுசெய்வது என்பதும் இல்லை.

குழுவினரிடம் சொன்னோம், மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள். கூடுதல் கட்டணமின்றிச் சித்திரையில் மறுபடி வருகிறார்கள். டெல்டாவில் வேறு ஊர்க்காரர்கள் இவர்களை அமர்த்துவதாக இருந்தால், கோடையில் ஒருமுறையாவது ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.