கையா, ரைபிளா? பேரலில் மாட்டும் சென்சாரோடு ஆறு மாதம்

10 மீட்டர் ஏர் ரைபிளில் 10 மதிப்பெண் தரும் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் புள்ளி. குண்டு கால் மில்லிமீட்டர் தள்ளினாலே 0.1 மதிப்பெண் போய்விடும். என் குண்டுகள் வலப்பக்கம் கீழே, கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் விழ ஆரம்பித்தன. சைட்டை (குறிபார்க்கும் கருவியை) இரண்டு கிளிக் திருப்புவேன்; அடுத்த ஐந்தும் இடப்பக்கம் போகும். திரும்பவும் திருப்புவேன். தவறு என் கையிலா, ரைபிளிலா என்று தெரியாமல் இரண்டு மாதம் இப்படியே ஓடியபிறகுதான் இந்தச் சென்சாரை வாங்கினேன்.

பேரலின் (ரைபிள் குழலின்) முனையில் மாட்டினால், அது இலக்கைப் பார்த்தபடியே பேரலின் அலைச்சலை லேப்டாப்பில் கோடாக வரையும். டிரிகர் விழுந்ததும் அங்கே ஒரு புள்ளி. முதலில் சில குண்டு சுட்டு, அந்தப் புள்ளியைத் தாளில் விழுந்த துளையோடு பொருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. கோடு ஒரு நொடி 10-க்குள் அமைதியாகச் சுற்றுகிறது; கடைசி 0.2 நொடியில் வலப்பக்கம் கீழே ஒரு வால். டிரிகரைப் பின்னால் இழுக்காமல் விரலின் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். டிரிகரைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, விரல் நுனிச் சதையின் நடுவில் படும்படி வைத்தேன். மூன்று வாரத்தில் வால் சுருங்கியது.

ஆனாலும் 9 வந்தது. இப்போது கோட்டில் வாலே இல்லை. சின்னதாக, அமைதியாக, ஆனால் 9 வளையத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கோ இலக்கின் கறுப்பு வட்டம் சைட்டின் நட்டநடுவில்! பின் சைட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மயிரிழை அளவு அசைந்தது. ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அத்தனை கிளிக்கும் வீண்.

மூன்றாவது வகையும் உண்டு: திரையில் 10.4, தாளில் 9.2. பேரல் சரியாகத்தான் பார்த்தது, குண்டுதான் வேறெங்கோ போனது. ஒரு டப்பாவில் பின் விளிம்பு நசுங்கிய பெல்லட்டுகள் (ஏர் ரைபிள் குண்டுகள்) இருந்தன. பொறுக்கி எடுத்ததும் சரியானது. பெல்லட்டிலும் குறை இல்லையென்றால் ரைபிளின் காற்றழுத்தத்தையும் பேரலையும் பார்க்க வேண்டும். எந்த பெல்லட் உங்கள் பேரலுக்குப் பொருந்தும் என்பதைச் சென்சார் சொல்லாது. அதற்கு ரைபிளைக் கிளாம்பில் பூட்டிச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. சென்சாரின் பிடி லேசாக இடித்தாலும் நகர்கிறது. அப்போதும் திரையும் தாளும் ஒத்துப்போகாது. நல்ல ரைபிளைச் சந்தேகித்து ஒரு மாலையே எனக்குப் போனது. இப்போது பேரலில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். இலக்கின் மேல் வெளிச்சம் சீராக இல்லாவிட்டால் கோடு தடுமாறும். நிற்கும் நிலையிலுள்ள தவறை இது காட்டாது. கண்ணை மூடித் திறந்து ரைபிள் தானாக எங்கே நிற்கிறது என்று பார்ப்பதை நீங்கள்தான் செய்யவேண்டும்.

குண்டுகள் இன்னும் 7, 8 என்று சிதறுகிறவர்கள் இப்போதைக்கு வாங்கவேண்டாம், பயிற்சியாளர் போதும். 9-க்குள் நின்று, ஏன் 10 வரவில்லை என்று தவிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நாலரை தருவேன்; அரை குறைத்தது, சென்சாரின் அந்தப் பிடிக்காக.