வீட்டு பயோகேஸ் டிரம்: பாதி சிலிண்டர் மிச்சமாகும், முழு சிலிண்டர் ஆகாது

ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரியில், கழிவுநீரிலிருந்து கேஸ் எடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். அதனால், சமையலறைக் கழிவை அழுகவைத்து அடுப்புக்கு கேஸ் தரும் பயோகேஸ் டிரம் வாங்கலாமா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கொல்லையில் இருப்பது மிதக்கும் டிரம் வகை. கீழே 1000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த 750 லிட்டர் தொட்டி. கேஸ் சேரச் சேர மேல் தொட்டி எழும்பும். புனேயின் ஆர்ட்டி அமைப்பு சமையலறைக் கழிவுக்காகப் பரவலாக்கி, 2006-ல் ஆஷ்டன் விருது வாங்கிய அதே மாதிரி. எங்களுடையது உள்ளூர்ப் பட்டறையில் செய்தது.

இனி சிலிண்டரே வேண்டாமா என்பதுதான் முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி. விற்கிறவர்களும் அந்த ரீதியில்தான் நோட்டீஸ் போடுகிறார்கள். கணக்கு அப்படி வராது. பழைய சோறு, காய்கறித் தோல் என்று தினம் 5 கிலோ ஈரக்கழிவு போட்டால் நாளுக்குச் சுமார் அரை கன மீட்டர் கேஸ் கிடைக்கும். அதில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். ஆக மாதம் முழுக்க ஒழுங்காகப் போட்டாலும் 7 கிலோ எல்பிஜிதான், அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் பாதி. காலை இட்லியும் ஒரு குழம்பும் இதில் ஆகிவிடும். ஆனால் நாலு பேர் வீட்டில் தினமும் 5 கிலோ கழிவு ஏது? எங்களுக்கு வடிகஞ்சியும் பக்கத்து மெஸ் கழிவும் இருப்பதால் கட்டுப்படியாகிறது. வடிகஞ்சி கரைந்த மாவுச்சத்து என்பதால் சீக்கிரம் செரிக்கும்.

இத்தனை கேஸுக்கு எதற்கு இவ்வளவு பெரிய தொட்டி என்று என் மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். கழிவும் தண்ணீருமாக நாளுக்கு 20 லிட்டர் ஊற்றினால், 1000 லிட்டர் தொட்டியில் அது சராசரியாக 50 நாள் தங்கும். தொட்டியைச் சிறிதாக்கினால் நுண்ணுயிர்கள் பெருகும் முன்பே ஸ்லரியோடு, அதாவது செரித்து வழியும் கரைசலோடு, வெளியே போய்விடும். எங்கள் ஃபேக்டரியில் இருப்பது யூஏஎஸ்பி ரியாக்டர் என்ற வேறு வகைத் தொட்டி, 1970-களில் நெதர்லாந்தில் லெட்டிங்கா குழு உருவாக்கியது. அதில் கழிவுநீர் கீழிருந்து மேலே ஏறும். நுண்ணுயிர்கள் குருணை குருணையாகத் திரண்டு கனத்து அடியிலேயே தங்கிவிடும். தண்ணீர் ஒரு நாளுக்குள் வெளியேறும், சேறு மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இந்த ஒரு யோசனையால்தான் நாளெல்லாம் வரும் கிழங்குக் கழிவுநீரை அடக்கமான தொட்டியில் செரிக்க வைக்க முடிகிறது. வீட்டு டிரம்மில் அந்த வித்தை கிடையாது. திட்டுத்திட்டாகச் சோறு விழும் இடத்தில் அது எடுபடவும் செய்யாது. அதனால் பெரிய தொட்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

எதிர் வீட்டிலும் இதே டிரம். வளைகாப்பு விருந்தில் மிஞ்சியதை ஒரே நாளில் அதில் கொட்டிவிட்டார்கள். டிரம் எழும்பியது, அடுப்பு பற்றவில்லை. மாவுச்சத்தை அமிலமாக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வேகமானது, அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் கூட்டம் மந்தமானது. அமிலம் சேர்ந்து, புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் அளவு 6.5-க்குக் கீழே போனால் இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். வருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். தீனியை நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவும் புதுச் சாணக் கரைசலும் ஊற்றிப் பொறுமையாக இருந்தார்கள், சரியாகிவிட்டது. விற்கிறவர் பத்து ரூபாய் பிஎச் தாள் ஒரு கட்டு கூடவே கொடுத்திருக்கலாம்.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. கேஸ் குழாயில் தண்ணீர் வடிகட்ட இடமே வைக்கவில்லை. பயோகேஸில் ஈரம் அதிகம். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி அடுப்பு திக்கும். T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றும் வால்வு ஒன்றும் வாங்கி நானே போட்டேன். அழுகின முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் ஒரு ஏற்பாடும் இல்லை. துருப்பிடித்த இரும்பு நார் அடைத்த குழாய்த் துண்டு வழியே கேஸை விட்டால் அது பிடித்துக்கொள்ளும். நார் கறுத்தால் மாற்ற வேண்டும். அடுப்பும் கவனிக்க வேண்டிய விஷயம். எல்பிஜி அடுப்புக்கு 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அளவு அழுத்தத்தில் கேஸ் வரும், டிரம்மில் அதில் கால் பங்குகூட வராது. ஜெட் துளை பெரிதாக உள்ள பயோகேஸ் அடுப்பையே கேட்டு வாங்குங்கள்.

சேலம், ஆத்தூர் வெயிலுக்கு டிரம் நன்றாக ஓடும், நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி சுகமான சூடு. ஏற்காட்டில் இருக்கும் என் சிநேகிதிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மார்கழியில் அங்கே பாதி கேஸ்கூட வராது.

கொல்லையில் வெயில்படும் இடமும், தினம் 5 கிலோ ஈரக்கழிவும், ஸ்லரியை ஊற்ற நாலு வாழை மரமும் இருந்தால் வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் தனித்தனியாக வாங்காமல் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய தொட்டியாகக் கேட்டுப் பாருங்கள்.