லாக் பாட் என்று சொல்லி லீனியரைத் தள்ளிவிட்டார்கள்: 1,850 ரூபாய் போச்சு

ஆடியோ பாகங்கள் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை. பேர் போடவில்லை. பேசிவ் வால்யூம் கண்ட்ரோல் (கரண்ட் இல்லாமல் ஒலியைக் குறைப்பது) கட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். பாட் என்றால் தண்டைத் திருப்பினால் தடை மாறும் ரெசிஸ்டர்: லீனியரில் திருப்புக்குச் சமமாக மாறும், லாக்கில் முதலில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் ஏறும், காதுக்கு அதுதான் சீராகத் தெரியும்.

நம்ப வைத்தது ஒரே ஒரு கேள்வி. "ஆம்ப்ல இன்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு சார்?" என்று கடைக்காரரே போனில் கேட்டார். ஆம்ப் தன் முன்னால் வரும் சிக்னலுக்குக் காட்டும் தடை அது. 47 கே (கிலோ ஓம்) என்றதும், "அப்போ 10 கே டூயல் லாக் போதும். 100 கே போட்டா நீள கேபிள்ல ட்ரெபிள் செத்துடும்" என்றார். டூயல் என்றால் இடது, வலது இரண்டுக்கும் ஒரே தண்டு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 10 கே பாட் போட்டால் அவுட்புட் இம்பிடன்ஸ் மிஞ்சிப்போனால் 2.5 கே, 100 கேயில் 25 கே வரை ஏறும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னைத் தேக்கும் தன்மை) அதோடு சேர்ந்து ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, விழுங்கிவிடும். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா? 1,850 ரூபாய் உடனே போய்விட்டது.

வந்த பாட்டின் முதுகில் '10கேஏ' என்று அச்சு. ஏ என்றால் லாக். தண்டைச் சரிபாதி திருப்பி, நடுப் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் மீட்டர் வைத்தால் 5 கே! லாக் பாட் என்றால் அங்கே 1 முதல் 1.5 கேதான் இருக்கும். இது பச்சை லீனியர். பாதி திருப்பியும் 6 டெசிபெல்தான் குறையும். ராத்திரி மெதுவாகக் கேட்க, தண்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். அந்த இடத்தில் இடது 310 ஓம், வலது 190 ஓம். நாலு டெசிபெல் வித்தியாசம், பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார்.

மீட்டர் படத்தை அனுப்பினால், "பேட்டரி மாத்திப் பாருங்க." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல." அப்புறம், "நடுப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் 1.5 கே ரெசிஸ்டர் போட்டுக்கோங்க, லாக் ஆயிடும்." ஒலி ஏறும் வளைவு ஓரளவு லாக் மாதிரி வரும், உண்மைதான். ஆனால் முழு வால்யூமில் டேக் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) பார்க்கிற தடை 1.3 கேயாக விழும், அதற்கு அது பெரும் சுமை, இடது வலது வித்தியாசமும் அப்படியே நிற்கும். லாக் பாட் என்று காசு வாங்கிவிட்டு இதையா சொல்வது? கடைசியில், "சால்டர் பண்ணினா ரிட்டர்ன் இல்ல." ஈயமே படவில்லை ஐயா! இன்று நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1,850 ரூபாய்!

எப்படிக் கட்டுவது என்று முழுசாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அச்சை நம்பாமல் பாதித் திருப்பில் அளந்து பாருங்கள். வால்யூம் குறைந்த இடத்தில் இடது, வலது இரண்டு சேனலையும் ஒப்பிடுங்கள். இதெல்லாம் முடிகிறவரை சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.