நாவலின் முதல் பக்கத்துக்கு ஒரு பட்டறை

கிளிநொச்சியில் நடந்த ஒருநாள் நாவல் பட்டறைக்குப் போனேன். காலை முழுவதும் ஒரே விடயம்தான்: கதையை யாருடைய கண்ணால் தொடங்குவது. கொடுத்த காசு அதற்கே தகும்.

ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதச் சொன்னார்கள். நான் எடுத்தது 2009 ஜனவரியில், இறுதிப் போரில் இடம்பெயரும் சனத்தோடு, பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டி ஊரும் ஒரு உழவு மெஷின். முதலில், மெஷினின் பின்னால் இழுபடும் பெட்டிக்குள் இருக்கும் சிறுமி ‘நான்’ என்று சொல்கிறாள். அவளுக்குத் தெரிவது தறப்பாளும் அம்மம்மாவின் மடியும்தான். ஷெல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விளக்கினால் வளர்ந்தவரின் குரல் நுழைந்துவிடும். சரி, வளர்ந்தபின் நினைத்துச் சொல்கிறாள் என்று வைத்தால், அவள் தப்பியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மெஷின் ஓட்டும் மாமாவை ‘அவர்’ என்று படர்க்கையில், அவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒட்டி எழுதினேன்: குறையும் டீசல், முன்னால் அசையாத சனம். பயம் இருமடங்கானது. மூன்றாவதாக, எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு முழு வீதியும் அகப்பட்டது. ஆனால் அரைப் பக்கத்துக்குள் பல மனங்களுக்குத் தாவினால் வாசகர் எவரோடும் நிற்கமாட்டார் என்று வரிவரியாகக் காட்டினார்கள். அருமையான பாடம்.

பின்னேரம் பதிப்பு, அட்டை என்று ஓடியது வீண். அந்த நேரத்தில் எல்லோரையும் வாசிக்க விட்டிருக்கலாம். முல்லைத்தீவுப் பக்கத்தார் பஸ்ஸுக்காக இடையில் எழும்ப வேண்டியிருந்தது.

போகிறவர்கள் எழுதத் தொடங்கிய முதல் பக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வேறொரு பாத்திரத்தின் கண்ணால் திருப்பி எழுத வைப்பார்கள்.