நோம் வாவா, வோ ஹாப்பா?

நியூயார்க் சைனாடவுனில் பழைய கான்டனீஸ் (தென்சீனச் சமையல்) உணவுக் கடை எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று, டாயர்ஸ் தெருவில் 1920இல் தொடங்கிய நோம் வா டீ பார்லர். இன்னொன்று, மாட் தெரு 17ஆம் எண்ணில் படியிறங்கிப் போகவேண்டிய வோ ஹாப். இது 1938இல் வந்தது. இரண்டும் நடக்கிற தூரம்தான், ஆனால் சாப்பாடு முற்றிலும் வேறு.

நோம் வா டிம்சம் கடை. தேநீரோடு சின்னச் சின்னத் தட்டுகளாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். பேக்கரியாகவும் இருந்த இடம் என்பதால் பாதாம் பிஸ்கட்டுக்கு அப்போதே பெயர். 1950இல் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த வாலி டாங், 1974இல் கடையையே வாங்கினார். 2011இல் பொறுப்பேற்ற அவருடைய உறவுக்காரர் வில்சன் டாங் காலத்தில், வேண்டியதைச் சீட்டில் குறித்துக் கொடுத்தால் அப்போதே செய்து தருகிறார்கள். சில டிம்சம் கடைகளில்போல மேசைக்கு மேசை தட்டுகளோடு தள்ளுவண்டி வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது. இறால் டிம்சம்மின் மேல்மாவு ஆறினால் நம் கொழுக்கட்டை போலவே விறைத்துவிடும். முட்டையில் வார்த்த மெல்லிய தோலில் சுருட்டிப் பொரிக்கும் எக் ரோலை அவசியம் வாங்குங்கள்.

வோ ஹாப் பசியோடு போகிறவர்களுக்கு. சுவரெல்லாம் டாலர் நோட்டும் புகைப்படமுமாக ஒட்டியிருக்கும். தட்டுகள் பெரியவை. காய்கறியும் இறைச்சியும் சேர்த்து வதக்கிய சாப் சூயி, குழம்பு ஊற்றிய முட்டை ஆம்லெட்டான எக் ஃபூ யங், அகலமான அரிசி நூடுல்ஸில் செய்யும் சோ ஃபன் எல்லாம் உண்டு. இதில் பாதி சீனாவிலேயே கிடையாது, அமெரிக்கர்களுக்காகச் செய்தது என்று சிலர் ஒதுக்குவார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 1882இல் சீனத் தொழிலாளர் நுழையத் தடை போட்ட நாடு இது. 1943 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தக் கெடுபிடியில், தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்துத் தைஷான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்துப் பிழைத்தார்கள். அவர்கள் உருவாக்கிய சாப்பாட்டைப் போலி என்று எப்படிச் சொல்வது? 2022இல், அமெரிக்க உணவகங்களுக்கு விருது வழங்கும் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை வோ ஹாப்புக்கு ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது கொடுத்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

சரி, தள்ளுவண்டி டிம்சம்தான் வேண்டும் என்றால்? ஜிங் ஃபாங் என்ற கடையின் எலிசபெத் தெரு மண்டபம் அதற்குப் பேர்போனது. 2021இல் அது மூடப்பட்டு, கடை சென்டர் தெருவில் சிறிய இடத்துக்கு மாறிவிட்டது.

சைவர்கள் நோம் வாவுக்கே போகலாம். சிறுசிறு தட்டுகள் என்பதால் காய்கறி டிம்சம்மைத் தனியாகக் கேட்டு வாங்க முடியும். ஆனால் முள்ளங்கி கேக் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். அதில் காய்ந்த இறாலோ சீனத் தொத்திறைச்சியோ சேர்ப்பது வழக்கம். வோ ஹாப் போன்ற கடைகளில் வெறும் காய் வதக்கலில்கூடச் சிப்பி சாஸ் இருக்கக்கூடும், கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

நாலு பேர், கறி மீன் எல்லாம் சாப்பிடுவோம், ஒரே ஒரு வேளைதான் என்றால் நான் வோ ஹாப்பைச் சொல்வேன். மாட்டிறைச்சி சோ ஃபன், உப்பும் மிளகும் போட்டுப் பொரித்த கணவாய், ஒரு எக் ஃபூ யங், வான்டன் சூப் சொல்லுங்கள். பல ஆண்டுகள் ரொக்கம் மட்டுமே வாங்கிய கடை. அதனால் கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.